வார்டு மெம்பர் பயிற்சிக்கு வெளிநாட்டு ‘ஜனநாயக நிதி’ வாங்கலாமா?

கேள்வி இதுதான். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், நடத்துகிறீர்கள். வார்டு மெம்பர்களுக்கும் அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்து சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் கிராம சபை, பஞ்சாயத்துத் திட்டம், வரவு செலவு ஆகியவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுக்க நினைக்கிறீர்கள். ‘ஜனநாயகத்தை வளர்க்க அமெரிக்காவும் ஜெர்மனியும் காசு தருகின்றன, எழுதிப் போடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘அது சி.ஐ.ஏ. காசு, தொட்டால் ஜெயில்’ என்கிறார் இன்னொருவர். இந்த அமைப்புகள் யாருடையவை, அவற்றை நம்பலாமா, நமக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்புகள் உண்மையாகவே இருக்கின்றன. பெரும்பாலும் பகிரங்கமாகவே பணம் தருகின்றன. ஆனால் உங்கள் திட்டத்தின் நடுவில் நிற்பவர் வார்டு மெம்பர். வெளிநாட்டுப் பணம் அவர் கையில் சேரக்கூடாது என்று இந்தியச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. அதனால் உங்களுக்கு அது சரியான வழி இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, இந்த அமைப்புகள் எப்படி உருவாயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் முக்கிய அமைப்பு நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி, சுருக்கமாக என்.இ.டி. 1982 ஜூன் 8 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் நிகழ்த்திய உரையில் இதற்கான விதை விழுந்தது. அடுத்த ஆண்டே அமைப்பு உருவானது. சட்டப்படி அது தனியார் லாப நோக்கற்ற நிறுவனம். பணமோ ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்குவது. அண்மை ஆண்டுகளில் அது சுமார் 31.5 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி நான்கு துணை நிறுவனங்களுக்குப் போகிறது. குடியரசுக் கட்சியை ஒட்டிய இன்டர்நேஷனல் ரிபப்ளிகன் இன்ஸ்டிடியூட், ஜனநாயகக் கட்சியை ஒட்டிய நேஷனல் டெமாக்ரடிக் இன்ஸ்டிடியூட், வணிகர் சங்கத்தை ஒட்டிய ஒன்று, தொழிற்சங்கத்தை ஒட்டிய ஒன்று என நான்கு. இரண்டு கட்சி, முதலாளி, தொழிலாளி என எல்லோருக்கும் பங்கு வைத்தால்தான் எந்த ஆட்சி வந்தாலும் ஒதுக்கீடு நிலைக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. மீதிப் பணம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள தன்னார்வ அமைப்புகளுக்கு நேரடி மானியமாகப் போகிறது. சிறு அமைப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் அளவில், 12 மாதத் திட்டமாகக் கிடைப்பதே பொதுவான வடிவம்.

அரசே நேராகக் கொடுக்காமல் நடுவில் ஏன் ஒரு தனியார் நிறுவனம்? 1967இல் அமெரிக்க மாணவர் சங்கம் உட்படப் பல அமைப்புகளுக்கு சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது அம்பலமானது. ஏசியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவில் அதன் வேலை முடிவுக்கு வந்தது. ரகசியமாகச் செய்தது சந்தி சிரித்த பிறகு, அதில் ஒரு பகுதியை வெளிச்சத்தில் செய்யலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் என்.இ.டி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் வெய்ன்ஸ்டைனே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சி.ஐ.ஏ. மறைவில் செய்த பலவற்றை இன்று நாங்கள் வெளிப்படையாகச் செய்கிறோம் என்ற பொருளில் 1991இல் சொன்னார். உங்கள் நண்பரின் ‘சி.ஐ.ஏ. காசு’ என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மானியப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த ஒரு அமைப்பை உளவுத்துறையின் முகமூடி என்று மட்டும் சொல்லி முடிப்பது சோம்பேறித்தனம். அதே நேரம், எந்த நாட்டுக்கு எவ்வளவு, எந்த ஆண்டில் என்பதை அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் போக்கிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதும் கெட்டதும் எப்படிக் கலந்து வரும் என்பதற்கு மூன்று நாடுகளைப் பாருங்கள். 1984இல் பனாமா தேர்தலில், தொழிற்சங்கப் பிரிவு வழியாகப் போன என்.இ.டி. பணம் ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகச் செலவானது. அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்பு எழுந்து, தேர்தல் வேட்பாளர்களின் பிரசாரத்துக்கு இந்த நிதியைத் தரக்கூடாது என்று சட்டத்தில் எழுதினார்கள். 1990இல் நிகராகுவா தேர்தலுக்கு 90 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. வாக்காளர் பதிவு, கண்காணிப்பு என்ற பெயர்கள் இருந்தாலும், அந்தப் பணத்தில் பெரும்பலன் அடைந்தது எதிர்க்கட்சிக் கூட்டணியே. விதியில் தடை இருந்தாலும் நடைமுறையில் வழி கிடைக்கும் என்பது அதில் தெரிந்தது.

மூன்றாவது சிலி. 1988 அக்டோபர் 5 அன்று, சர்வாதிகாரி பினோசே மேலும் எட்டு ஆண்டு ஆள வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் 10 லட்சம் டாலர் என்.இ.டி. வழியாகப் போனது. அங்கே பயன்பட்ட கருவி இணை வாக்கு எண்ணிக்கை. அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜனநாயக உதவி என்ற பெயரில் நடப்பவற்றுள் மெய்யாகவே பயன் தரும் சில வேலைகளில் அதுவும் ஒன்று. எல்லாச் சாவடிகளையும் எண்ணத் தேவையில்லை. நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் சில நூறு சாவடிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து, அங்கே ஒட்டப்படும் எண்ணிக்கையை அப்படியே தொலைபேசியில் சொல்வார். புள்ளியியல் கணக்குப்படி சில மணி நேரத்திலேயே ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பிழைக்குள் முடிவு தெரிந்துவிடும். அரசு எண்ணிக்கையைத் திரித்தால் உடனே பிடிபடும். குலுக்கலில் வந்த தொலைதூரச் சாவடிக்கு ஆள் போகாமல், பக்கத்தில் உள்ள சாவடியின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் மொத்தமும் கெட்டுப்போகும். அந்தக் கருவிக்குப் பலவீனம் அங்கேதான். சிலியில் அன்றிரவே ‘வேண்டாம்’ தரப்பு சுமார் 56 விழுக்காட்டுடன் வென்றது வெளியே தெரிந்தது. மூடி மறைக்க ஆட்சிக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வேலையில் வெளிநாட்டுப் பணம் ஒரு பகுதிதான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தெருத்தெருவாக அலைந்தவர்கள் சிலி நாட்டவர்களே.

ஜெர்மன் மாதிரி வேறு. அங்கே ஒவ்வொரு பெரிய கட்சிக்கும் நெருக்கமான ஒரு அறக்கட்டளை உண்டு. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 1925இல் தொடங்கிய ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குக் கோன்ராட் அடெனாவர், தாராளவாதக் கட்சிக்கு ஃப்ரீட்ரிஷ் நௌமான், பவேரியாவின் கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்கு ஹான்ஸ் சைடல், பசுமைக் கட்சிக்கு ஹைன்ரிஷ் பியோல், இடதுசாரிக் கட்சிக்கு ரோசா லுக்ஸம்பர்க். தொடர்ந்து சில தேர்தல்களில் கட்சி பெறும் பலத்தை ஒட்டி அரசுப் பணம் இவற்றுக்குப் பங்காகும். வெளிநாட்டு வேலைக்கான நிதியில் பெரும்பகுதி பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகத்திலிருந்து வருகிறது. போர்ச்சுகலின் சோஷலிஸ்ட் கட்சி சர்வாதிகார காலத்தில், 1973 ஏப்ரலில், ஜெர்மனியின் பாட் மியுன்ஸ்டர்ஐஃபல் என்ற சிற்றூரில் ஏபர்ட் அறக்கட்டளையின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே ஆட்சி கவிழ்ந்தது. கட்சியோடு கட்சியாகப் பழகி, ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் அலுவலகம் வைத்து வேலை செய்வது இவர்கள் முறை. இவற்றில் பல டெல்லியிலும் இருக்கின்றன. ஆனால் கிராமத்து அமைப்புக்குக் காசோலை எழுதுவது இவர்களுடைய வழக்கமான வேலை இல்லை. ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து கருத்தரங்கு, வெளியீடு, பயிற்சி நடத்துவார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அங்கிருந்து அதிகபட்சம் வரக்கூடியது ஒரு கருத்தரங்க அழைப்பு.

பிரிட்டன் 1992இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியது. நாடாளுமன்றங்களையும் கட்சிகளையும் பயிற்றுவிப்பது அதன் வேலை. தைவானுக்கு 2003 முதல் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு பிரஸ்ஸல்ஸில் ஒன்று. கனடா வைத்திருந்ததை 2012இல் அந்நாட்டு அரசே மூடியது.

இதில் இந்தியாவின் பங்கும் இருக்கிறது என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. 2005இல் ஐ.நா. ஜனநாயக நிதியம் தொடங்கியபோது முதலில் பணம் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிறகும் பல ஆண்டுகள் பெரிய கொடையாளர்களில் ஒன்றாக இருந்தது. ஸ்டாக்ஹோமில் 1995இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஐடியா அமைப்பின் நிறுவன உறுப்பினர்களிலும் இந்தியா உண்டு. நம் தேர்தல் ஆணையம் 2011இல் டெல்லியில் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில் பல நாட்டுத் தேர்தல் அதிகாரிகள் வந்து படிக்கிறார்கள். 2014இல் நமீபியா தன் தேர்தலை இந்தியாவில் செய்த வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடத்தியது. மைசூரில் செய்யும் அழியாத மை பல நாட்டு விரல்களில் ஏறுகிறது. ஆப்கானிஸ்தானுக்கு நாடாளுமன்றக் கட்டடத்தையே கட்டிக்கொடுத்தோம். 2015 டிசம்பர் 25இல் திறப்பு விழா நடந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் அங்கே நாடாளுமன்றமே இல்லாமல் போனது. கட்டடத்தைக் கொடுக்கலாம், உள்ளே உட்காரும் பழக்கத்தை அந்த ஊர்தான் வளர்க்க வேண்டும். கொடுக்கும் நாடு எதுவானாலும் இதே கதைதான்.

வாங்குபவர்களுக்கு என்ன ஆபத்து என்பதை எகிப்து காட்டியது. 2011 டிசம்பர் 29 அன்று கெய்ரோவில் அமெரிக்கக் கட்சி நிறுவனங்கள் இரண்டும், அடெனாவர் அறக்கட்டளையும் உட்படப் பல அலுவலகங்களில் சோதனை நடந்தது. 2013 ஜூனில் 43 பேருக்குத் தண்டனை. வெளிநாட்டவரில் பெரும்பாலோர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள். உள்ளூர்ப் பணியாளர்கள் வழக்கைச் சுமந்தார்கள். மறுவிசாரணையில் விடுதலை கிடைக்க 2018 ஆனது. ரஷ்யா 2015இல் ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று முதலில் அறிவித்தது என்.இ.டி.யைத்தான்.

இன்னொரு ஆபத்து கொடுப்பவர் பக்கத்திலிருந்தே வருகிறது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் புதிய ஆட்சி வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியது. என்.இ.டி.யின் பணமும் முடங்கியது. அது தன் அரசின் மீதே வழக்குப் போட வேண்டி வந்தது. கட்சி நிறுவனங்களில் பெருமளவில் ஆட்குறைப்பு நடந்தது. இந்த வேலைக்கு இன்னும் பெரிய தொகை கொடுத்துவந்த அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1 முதல் தனி அமைப்பாக இயங்குவதையே நிறுத்தியது. ஒரே கொடையாளரை நம்பி ஆள் எடுத்து, வாடகைக்கு இடம் பிடித்த சிறு அமைப்புகள் உலகம் முழுவதும் ஒரு வாரத்தில் நடுத்தெருவுக்கு வந்தன. அவை ஒரு தவறும் செய்யவில்லை.

அதே காலத்தில் வந்ததுதான் ‘இந்திய வாக்குப்பதிவுக்கு 2.1 கோடி டாலர்’ என்ற புயல். உங்கள் நண்பர் சொல்வதும் அதன் எதிரொலியாக இருக்கலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் செலவுக் குறைப்புக் குழு, ரத்து செய்த இனங்களின் பட்டியலில் அப்படி ஒரு வரியை வெளியிட்டது. அந்தத் தொகை வங்காளதேசத்துக்கானது என்று ஆவணங்களோடு இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. இந்திய நிதி அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் 2023–24இல் யு.எஸ்.எய்ட் உதவியோடு ஏழு திட்டங்கள், மதிப்பு சுமார் 75 கோடி டாலர் என்று இருந்தது. வாக்குப்பதிவுக்கான திட்டம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இப்படி ஒரு பேச்சு ஒருமுறை பரவிவிட்டால், ‘ஜனநாயகத்துக்கு அமெரிக்கக் காசு’ வாங்கிய வாயனசாலையை அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் யாராவது மேடையில் இழுக்காமல் விடமாட்டார்கள்.

இனி சட்டம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டுத் திருத்தமும். அதன் மூன்றாம் பிரிவு, வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது: தேர்தல் வேட்பாளர், பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, அரசு ஊழியர், சட்டமன்ற உறுப்பினர், கட்சி, கட்சியின் நிர்வாகி என்று போகிறது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். ‘சட்டமன்றம்’ என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் பொருளில் நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் மட்டும் இல்லை. நகராட்சியும் பஞ்சாயத்தும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது இந்தச் சட்டத்தின் கண்ணில் கொழிஞ்சாம்பாறை வார்டு மெம்பரும் எம்.பி.யும் ஒரே வரிசை. பதிவுள்ள அமைப்பு வகுப்பு எடுப்பதே குற்றம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மெம்பருக்குப் பயணப்படி, தினப்படி, மடிக்கணினி என்று வெளிநாட்டு நிதியிலிருந்து ஏதாவது கையில் கொடுத்தால் கொடுத்தவரும் வாங்கியவரும் சிக்குவார்கள். ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயிற்சிக்கு வந்தவருக்கு பஸ் காசு கொடுப்பது நமக்கு மரியாதை. கணக்கில் அது வேறு பெயரில் நிற்கும். ‘வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா, செலவு எங்களுடையது’ என்று மெம்பரை யாராவது அழைத்தால் அதற்கும் ஆறாம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். எஃப்.சி.-2 படிவத்தில், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இணையவழி விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் கமிட்டியையும் பாருங்கள். பாலக்காட்டில் வாயனசாலைக் கமிட்டி என்றால் தலைவர் ஒரு கட்சியின் லோக்கல் கமிட்டியிலும் செயலாளர் இன்னொரு கட்சியின் மண்டலப் பொறுப்பிலும் இருப்பது சாதாரணம். அது ஊருக்கு நல்லதும்கூட. ஆனால் விண்ணப்பத்தில் நிர்வாகிகள் ஒவ்வொருவரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். கட்சி நிர்வாகி மூன்றாம் பிரிவில் நேரடியாக வருகிறார். ‘அரசியல் தன்மையுள்ள அமைப்பு’ என்ற முத்திரை பற்றி ஒரு ஆறுதல் உண்டு. 2020 மார்ச் 6இல் இன்சாஃப் என்ற தன்னார்வ அமைப்பின் வழக்கில், பந்த், மறியல் நடத்தினார்கள் என்பதால் மட்டும் ஒரு அமைப்பு அந்த வகையில் வராது, தீவிர அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பதிவுக்கு இரண்டு வழி. முழுப் பதிவுக்கு அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் முக்கிய நோக்கங்களுக்காக மட்டும் 15 லட்சம் ரூபாய் செலவாகியிருக்க வேண்டும், நிர்வாகச் செலவு அதில் சேராது. படிவம் எஃப்.சி.-3ஏ, சான்று ஐந்தாண்டு செல்லும். ஒரு கிராமத்து வாயனசாலை இந்தத் தொகையைத் தொடுவது அரிது. இரண்டாவது, முன் அனுமதி: ஒரு குறிப்பிட்ட கொடையாளர், ஒரு குறிப்பிட்ட தொகை, ஒரு குறிப்பிட்ட வேலை. படிவம் எஃப்.சி.-3பி, கொடையாளரின் உறுதிக் கடிதம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இரண்டு வழியிலும் பணம் முதலில் புது டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். டெல்லிக்கு ஓட வேண்டாம், உள்ளூர்க் கிளை வழியாகவே அந்தக் கணக்கைத் திறக்கலாம். அதில் உள்நாட்டு நன்கொடை ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. வட்டியும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கணக்காகும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31க்குள் எஃப்.சி.-4 கணக்கு. பணம் வராத ஆண்டிலும் ‘இல்லை’ என்று தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்துதான் பல சிறு அமைப்புகள் பதிவை இழக்கின்றன.

‘நீங்கள் எதற்கு அலைகிறீர்கள், டெல்லியில் பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குத் துணை மானியம் தரும்’ என்று யாராவது வரலாம். 2020 செப்டம்பருக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. பதிவுள்ள அமைப்பு இன்னொரு பதிவுள்ள அமைப்புக்கே மாற்றக் கூடாது. உங்களுக்கு எப்படி மாற்றும்? நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. ‘மானியம் என்று வேண்டாம், சேவைக் கட்டணம் என்று பில் போடுங்கள்’ என்பது அடுத்த ஆலோசனையாக வரும். செய்யாத சேவைக்கு பில் போடுவது பொய்க் கணக்கு. அதற்கு இணங்கவே வேண்டாம்.

ஐ.நா. பற்றிக் கேட்டால்: ஐ.நா.வும் அதன் சிறப்பு முகமைகளும் இந்தச் சட்டத்தில் ‘வெளிநாட்டு மூலம்’ ஆகா. உள்துறை அமைச்சகத்தின் பட்டியலில் அமைப்பின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐ.நா. ஜனநாயக நிதியம் தன்னார்வ அமைப்புகளுக்கே பணம் தருகிறது. ஆனால் வழக்கமாக அது ஒரு திட்டத்துக்குக் கொடுத்து வந்தது 1 லட்சம் முதல் 3 லட்சம் டாலர் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். ஒரு நூலகர், இரண்டு அலமாரி, மாதாந்திரக் கூட்டம் என்று இருக்கும் இடத்தில் அந்தத் தொகை வந்து விழுந்தால் வேலை வளர்வதற்கு முன் கணக்குப் பிள்ளைதான் வளர்வார்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வழி வளைகுடாவில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்த்துச் சேமித்ததிலிருந்து, வழக்கமான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை இருந்தாலும், அவர் வெளிநாட்டு மூலம். அங்கே பதிவு செய்த சங்கத்தின் கணக்கிலிருந்து மொத்தமாக வந்தாலும் அப்படியே. ஆகவே பத்துப் பேர் தருவதானால், சங்கம் சேர்த்து அனுப்பாமல் பத்துப் பேரும் தனித்தனியாக அனுப்பட்டும்.

உண்மையில் உங்கள் வேலைக்கு எவ்வளவு பணம் வேண்டும்? மெம்பர் பயிற்சிக்கென்றே திருச்சூர் முளங்குந்நத்துக்காவில் ‘கிலா’ என்ற கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிராம ஸ்வராஜ் அபியான் நிதியும் இதே பயிற்சிக்குத்தான். நூலக கவுன்சிலில் இணைந்த வாயனசாலைக்குத் தரத்துக்கேற்ப மானியம் உண்டு. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிக்குக் கொடுத்த மாநிலம் இது. பயிற்சிக்குப் பஞ்சமில்லை. தமிழுக்குத்தான் பஞ்சம். கையேடுகள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் மெம்பர், ஐம்பது விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஜெயித்து வந்தவர், திட்ட ஆவணத்தைத் தன் கையால் புரட்டிப் படிக்க முடியாமல் கையெழுத்துப் போடுகிறார். வாயனசாலை அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான். அதற்கு டாலர் வேண்டாம், மலையாளமும் தமிழும் நன்றாகத் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் வேண்டும்.

வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது? ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். 25, 30 பேருக்கு மேல் கூட்டாதீர்கள். ஆறு ஆறு பேராக உட்கார வையுங்கள். முதல் அமர்வில் கிராம சபை மட்டும். கேரளத்தில் அது வார்டு அளவில் கூடுவது, மெம்பர்தான் கன்வீனர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும், தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறினால் மெம்பர் பதவியே போகும். இரண்டாவது அமர்வில் ஒரு ரோட்டு வேலையையோ கிணற்றையோ எடுத்து, அது வேலைக்குழுவில் தொடங்கி, கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, மாவட்டத் திட்டக் குழு என்று எப்படி நகர்கிறது, எங்கே தங்கிவிடுகிறது என்று பஞ்சாயத்தின் சொந்த ஆவணத்தை வைத்தே காட்டுங்கள். கற்பனை உதாரணம் வேண்டாம். மூன்றாவதில் பட்ஜெட்டின் இரண்டு பக்கம் போதும். அயல்கூட்டக் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இதில் மெம்பர்களைவிட வேகமாக இருப்பார்கள். அவர்களையே குழுத் தலைவிகளாக வையுங்கள்.

உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, பெருமாட்டி பக்கத்திலேயே இருக்கிறது. 2002 ஏப்ரல் 22 முதல் பிளாச்சிமடையில் கோக்கக் கோலா ஆலைக்கு எதிரே மயிலம்மா போன்ற பெண்கள் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துத் தீர்மானம் போட்டது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றார். 2005இல் இரு நீதிபதி அமர்வு மாற்றிச் சொன்னது. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. ஒரு பஞ்சாயத்துத் தீர்மானத்துக்கு எவ்வளவு அதிகாரம், அதை நீதிமன்றம் எங்கே தடுக்கும் என்று இரண்டையும் ஒரே கதையில் சொல்லலாம். வகுப்பில் உட்காரும் பலருக்கு அந்த நாட்கள் நேரில் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் வெளிநாட்டு நிதி வேண்டும் என்று கமிட்டி நினைத்தால், எழுதும் முன் மூன்று விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்: அந்தப் பணத்தை எந்த நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்குகிறது, மானியப் பெயர்களை அமைப்பு வெளியிடுகிறதா, நடுவில் பணம் நின்றால் யார் சம்பளம் தருவார். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஆள் எடுக்காதீர்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளவர்கள் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது. அடுத்த கிராம சபையின் அறிவிப்பும் அஜெண்டாவும் தமிழிலும் வேண்டும் என்று, அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, வாயனசாலையின் தலைப்புத்தாளில் பஞ்சாயத்துச் செயலாளருக்குத் தமிழிலேயே ஒரு மனு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.